டீச்சர் மகள்

ரூபினி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஓங்கரிப்பது அன்றோடு பதினோராவது நாள். வெளியே அவள் அம்மா யுவனேஸ்வரி ஒரு கையில் மகளின் பள்ளிப் பையும் மறு கையில் கார்ச் சாவியுமாக நின்றிருந்தாள். மணி ஆறு பத்து. டவுனிலிருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பஸ் ஆறரைக்கெல்லாம் எஸ்டேட் முச்சந்திக்கு வந்துவிடும். யுவனேஸ்வரியோ எதிர்த்திசையில் ரிங்லெட் பக்கம் இறங்கி, ஏழு மணிக்குள் தான் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில் இருக்க வேண்டும்.

"ருபி, பஸ்சு வந்துடும்மா."

குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வயித்துல ஒண்ணுமே இல்லாம என்னத்த வாந்தி எடுக்கற? கதவத் தெற."

"இன்னிக்கு மட்டும் வேணாம்மா. நாளைக்குக் கண்டிப்பாப் போறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் பதின்மூன்று வயதுப் பெண்ணுடையது போல இல்லை. ஏழெட்டு வயதுக்குச் சுருங்கிப்போயிருந்தது. யுவனேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் ரொட்டியும் மைலோவும் மேசைமேல் இருப்பதாகக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கணவன் ஜெகதீஸ்வரன் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கவனிப்பவன். விடிவதற்கு முன்பே போய்விட்டான். மகள் தனியாகத்தான் இருப்பாள்.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னார். மனப்பதற்றம் என்று சொல்லி ஈப்போவிலுள்ள ஆலோசகருக்கு இன்னொருவர் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாளிடம் ரூபினி நாற்பது நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தாள். "என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?" என்று யுவனேஸ்வரி காரில் கேட்டபோது, "எனக்கே தெரியலம்மா" என்றாள்.

அன்று பத்தே முக்கால் இருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசை இழுப்பறைக்குள் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் தெரியாத ஒரே எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள். வராந்தாவுக்கு வந்து திரும்பக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் ராஜு பேசுறேன். காய்கறி லோரி ஓட்டுறேன்ல, ஜெகா கூட்டாளி. பயப்படாதீங்க. உங்க பொண்ணு என்கூட லோரிலதான் இருக்கு."

"எம் பொண்ணா?"

"ரோட்டோரமா மழையில நடந்து வந்துக்கிட்டிருந்திச்சி டீச்சர். அந்த வளைவுல எதிர்ல யாரு வராங்கன்னே தெரியாது. நான் பிரேக் அடிச்சது எங்கப்பா அம்மா செஞ்ச புண்ணியம். எங்கம்மா போறன்னு கேட்டா, ஸ்கூலுக்குன்னு சொல்லுது. அது ஸ்கூலு மேலல்ல இருக்கு? உங்க ஸ்கூலுக்குத்தான் வந்திருக்கும்போல."

பத்து நிமிடத்தில் லோரி பள்ளி வாசலுக்கு வந்தது. ரூபினி ராஜுவின் ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில்தான் சிலிப்பர் இருந்தது. பள்ளியைக் கண்டதும் அவள் இறங்க மறுத்துவிட்டாள். யுவனேஸ்வரி லோரிப் படியில் ஏறி மகளின் ஈரக் கால்களைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். என்னைத் தேடி நாலு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனதில் ஓடவில்லை.

அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றான் ஜெகதீஸ்வரன். அவன் கத்துகிறவன் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். "பதினஞ்சு வருஷ சர்வீஸ், ஈஸ்வரி. இன்னும் ரெண்டே வருஷம். நாப்பது ஆயிட்டா விருப்ப ஓய்வு வாங்கலாம், பென்ஷன் போகாதுலா. எத்தன பேரு இந்த வேலைக்கு ஏங்கிக் கெடக்கறான்?"

"ரெண்டு வருஷத்துல அவளுக்குப் பதினஞ்சு வயசு ஆயிடும்ங்க."

"ஒரு ஆள வெச்சுப் பாத்துக்கலாம்."

"ஆள் வேணும்னா அவ அவ்வளவு தூரம் நடந்தா? என்னத் தேடிக்கிட்டு வந்தா."

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் கிரகரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவரும் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்க வேலையின் அருமை தெரிந்தவர்.

"சம்பளமில்லா விடுப்புக்கு எழுதுங்க டீச்சர். நான் சிபாரிசு பண்றேன். ஆறு மாசம் பாத்துட்டு வாங்க."

"விடுப்புன்னா திரும்பி வர்ற தேதின்னு ஒண்ணு இருக்கும் சார். அவ அந்தத் தேதியவே எண்ணிக்கிட்டிருப்பா. நானும்தான்."

ராஜினாமாவுக்குக் கொடுத்த ஒரு மாத அவகாசம் முடிந்தது. சக ஆசிரியைகள் பூங்கொத்தும் கேக்கும் கொடுத்து அழுதார்கள். பிள்ளைகள் பாடினார்கள். அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்து எழுந்து உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது. போவதற்கு இடமில்லை.

வீட்டிலிருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ரூபினி பதினோரு மணி வரை தூங்கினாள். எழுந்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்த்தாள். யுவனேஸ்வரி அந்த நேரத்தில் சமையலறை அலமாரியைக் காலி செய்து துடைத்து அடுக்கினாள். அடுத்த வாரம் அதையே மறுபடி செய்தாள். பத்தேகாலானால் பள்ளி ஓய்வு நேரத்துப் பசி எடுத்தது. தன் வகுப்பில் 'ற'வைத் தலைகீழாக எழுதும் சின்னவனுக்கு இப்போது யார் கைபிடித்து எழுத வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அரிசி களைவாள், இரண்டு முறை களைந்ததை மறந்து மூன்றாம் முறையும் களைவாள். வாசலுக்குப் போவாள். எதிரே மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வங்காளதேசத்துப் பையன்கள் நிரை நிரையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் வேலை இருந்தது.

இரண்டாம் வாரம் அவள் ஒரு கால அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். எட்டரைக்குக் கணிதம், ஒன்பதரைக்கு மலாய், பத்தேகாலுக்கு ஓய்வு. மகள் மறுப்பேதும் சொல்லாமல் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்ததும் யுவனேஸ்வரிக்கு உடம்பே லேசாகிவிட்டது. வேலையை விட்டது வீண் போகவில்லை என்று நினைத்தாள். நான்கு நாள் அப்படி ஓடியது. ஐந்தாம் நாள் மகளின் கட்டுரையை இழுத்து வைத்து, கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் வட்டம் போட்டபோது ரூபினி நோட்டுப் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"போதும் டீச்சர்."

"என்னது?"

"டீச்சர்னு சொன்னேன். ஆறு வருஷம் அப்படித்தானே கூப்பிட்டேன்? ஸ்கூல் கேட்டுக்குள்ள போயிட்டா அம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வேலைய விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஸ்கூலையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க."

"உனக்காகத்தானே ருபி வேலைய விட்டேன்!"

"நான் கேட்டேனா?"

ரூபினி எழுந்து போய் அட்டவணையைக் கிழித்தாள். பாதிதான் கிழிந்தது. மீதி காந்தத்தில் தொங்கியது. யுவனேஸ்வரி பதினைந்து ஆண்டில் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை. அந்த நிமிடம் அடித்துவிடுவோமோ என்று பயந்து, சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காரின் கதவைத் திறந்த பிறகுதான் மகளைத் தனியாக விட்டுப் போக முடியாது என்பது உறைத்தது.

"வா. வண்டில ஏறு," என்று வாசலிலிருந்து கத்தினாள்.

"எங்க?"

"எனக்கே தெரியல. ஏறு நீ."

அப்படித்தான் அந்தச் சுற்றல் தொடங்கியது. அன்று பிரிஞ்சாங் வரை போய்த் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்தபோது இருவருக்கும் மூச்சு சீராகியிருந்தது. மறுநாள் ரிங்லெட் அணைக்கட்டு வரை. அதற்கடுத்த நாள் ரூபினியே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "பெட்ரோல குடிக்குதே வண்டி" என்று ஜெகதீஸ்வரன் முணுமுணுத்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை டயருக்குக் காற்றடித்துத் துடைத்து வைத்தான். காரில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இருவருக்கும் முன்னால் சாலை இருந்தது. போகப்போக ரூபினியிடமிருந்து ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. அந்தக் கடையில் பூனை இருந்தது, இப்போது காணோம் என்பாள். இந்தப் பாலத்தில் எனக்குத் தலை சுற்றும் என்பாள். யுவனேஸ்வரி தன் நாக்கைக் கடித்துக்கொண்டு 'ம்' கொட்டப் பழகினாள். ஏன், எப்போதிருந்து, எதனால் என்று கேட்காமலிருப்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

பள்ளி விடுமுறை வந்தது. ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள். அது தெரிந்தும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை கோலா தெர்லா பக்கம் போனாள். திரும்பும்போது மேட்டில் ஒரு லோரி பழுதாகி நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். இருபது நிமிடத்தில் பத்தடிகூட நகரவில்லை. தூறல் போட்டது. யுவனேஸ்வரி ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள்.

"அம்மா," என்றாள் ரூபினி. "அன்னிக்கு நான் உங்களப் பாக்க வரல."

"என்னிக்கு?"

"மழையில நடந்து வந்தேன்ல, அன்னிக்கு."

யுவனேஸ்வரியின் விரல்கள் நின்றன. "பின்ன எதுக்கு வந்த?"

"மண்டபத்துல என் போட்டோ மாட்டியிருக்குல்ல, கேடயத்தக் கையில வெச்சுக்கிட்டு. அதக் கழட்டி எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க கிளாஸ்ல இருக்கறப்ப யாருக்கும் தெரியாம."

அந்தப் படம் யுவனேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். ரூபினி ஐந்தாம் ஆண்டில் மலாய்க் கதை சொல்லும் போட்டியில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தபோது எடுத்தது. கதையை எழுதி, கையசைவு வரைக்கும் சொல்லிக்கொடுத்துத் தயார்ப்படுத்தியவளே அவள்தான்.

ரூபினி சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். புதுப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் மாதம், மாநிலப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மலாய் ஆசிரியை அவளைப் பள்ளி முழுதும் திடலில் நிற்கும் சபை கூடலில் கதை சொல்லக் கூப்பிட்டார். இரண்டு வரி சொன்னாள். மூன்றாவது வரி வரவில்லை. வரிசையில் யாரோ, 'அவங்கம்மா டீச்சர்லா, அதான் கேடயம்' என்று சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது. ஆசிரியை நல்லவர்தான், பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, வேறு யாராவது என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்த நளினி எழுந்து போய், ஒத்திகையே இல்லாமல் ஒரு கதையைச் சொல்லி முடித்தாள். திடல் முழுக்கக் கைதட்டியது.

"நளினி நல்லாச் சொன்னாம்மா. எனக்கே கேக்கணும்போல இருந்திச்சி." சன்னல் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தபடி கேட்டாள், "அஞ்சாம் ஆண்டுல போட்டிக்கு அனுப்ப எங்க ரெண்டு பேருக்கும் தேர்வு வெச்சீங்களே. அப்ப யாரு நல்லாச் சொன்னது?"

டீச்சரம்மாவிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். இரண்டு பேருமே நன்றாகச் சொன்னீர்கள், உனக்கு உச்சரிப்பு, அவளுக்கு உணர்ச்சி. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நடுவர்களில் மற்ற இருவரும் ஆளுக்கொருவரைச் சொல்ல, கிரகரி சார் அவள் பக்கம் திரும்பி, 'நீங்களே முடிவு பண்ணுங்க டீச்சர்' என்றது நேற்றுப்போல இருந்தது. நளினியின் அம்மா ஜெயா பூப்பண்ணையில் வேலை செய்கிறாள், பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட ஆளில்லை, பாதியில் நின்றுவிடுவாள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டதும் நினைவிருந்தது. அந்தக் காரணத்தை அவள் அன்றைக்கே முழுதாக நம்பவில்லை.

"நளினிதான்," என்றாள்.

ரூபினி திரும்பவில்லை.

"நளினிதான் நல்லாச் சொன்னா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உம்பேர எழுதினேன். அதுக்கப்புறம் மாநிலத்துல வாங்கினது உன் உழைப்பு, அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த எடத்துல நீ நின்னது என்னாலதான்."

கார்க் கதவு திறந்தது. ரூபினி இறங்கி மழைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். யுவனேஸ்வரி கத்தினாள். இறங்கலாமென்றால் முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். கியரைப் போட்டாள், வண்டி அணைந்தது, மறுபடி முடுக்கினாள். வண்டிகளுக்கு நடுவே நீல ஜாக்கெட் தெரிந்தது, மறைந்தது. கண்ணாடியை இறக்கி, "ருபி! ருபி!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் இருக்கும். ஓட்டுநர் பக்கத்துச் சன்னலில் ரூபினியின் நனைந்த முகம் வந்து நின்றது. கையில் ஆவி பறக்கும் இரண்டு சோளக்கதிர்கள்.

"காசு குடுங்க. கடைக்காரரு அங்க நின்னு பாத்துக்கிட்டிருக்காரு."

பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்து ஏறினாள். இருவரும் சோளத்தைத் தின்றார்கள். யுவனேஸ்வரி பாதியிலேயே கதிரை மடியில் வைத்துவிட்டாள். ரூபினி முழுவதையும் தின்று முடித்து, கட்டையைத் தாளில் சுற்றிய பிறகு சொன்னாள்.

"நான்தான் லூசுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேம்மா. எல்லாம் நானா கற்பன பண்றேன்னு."

பள்ளி திறந்த முதல் நாள் மத்தியானம், பிள்ளைகள் போன பிறகு இருவரும் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே யுவனேஸ்வரி கிரகரி சாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சே டீச்சர். இப்ப இதக் கெளறி..." என்று இழுத்தார். ரூபினியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவரே நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். இறங்கும்போது, "அன்னிக்கு உங்ககிட்ட முடிவ விட்டது என் தப்பும்தான்," என்றார், தரையைப் பார்த்தபடி.

ஜெயாவிடம் தானே போய்ச் சொல்வதாக யுவனேஸ்வரி கிளம்பியபோது ரூபினி தடுத்தாள். "அப்புறம் நீங்க பேசுங்க. மொதல்ல நான் நளினிகிட்டப் பேசுறேன்." பூப்பண்ணைக் குடியிருப்புக்குக் கீழே காரை நிறுத்தி, யுவனேஸ்வரி நாற்பது நிமிடம் காத்திருந்தாள். இறங்கி நடந்தாள், ஏறி உட்கார்ந்தாள், மறுபடி இறங்கினாள். மகள் வந்து சேர்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"என்ன சொன்னா?"

"அவளுக்கு அப்பவே தெரியுமாம். ஒரு வாரம் அழுதாளாம். என்மேல ரொம்பக் கோவமா இருந்தாளாம்." பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அப்புறம் மேகி போட்டுக் குடுத்தா. உப்பு அதிகம்."

மறுவாரம் யுவனேஸ்வரி ஜெயாவைப் பார்க்கப் போனாள். அவள் சொன்னதையெல்லாம் ஜெயா பூக்கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். இடையில் நிமிரவே இல்லை. கடைசியில், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எம்பொண்ணத்தான் திட்டினேன்," என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. யுவனேஸ்வரி நின்றபடியே கேட்டுவிட்டு வந்தாள்.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். புதிய பள்ளி ஆண்டு பிறந்து, மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம் முழுக்க ரூபினி வாந்தியெடுத்தாள். ஈப்போ ஆலோசகரிடம் இப்போது பேசினாள், கொஞ்சமாக. அவர் பள்ளியோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். முடிகிறவரை வகுப்பில் உட்காரலாம். முடியாதபோது அலுவலகத்தில் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிடலாம். பஸ்ஸில் நளினி பக்கத்தில் இடம்போட்டு வைத்தாள். சில நாள் அந்த இடம் காலியாகவே போனது.

அந்த மாதம் கிரகரி சார் தொலைபேசியில் அழைத்தார். ஓர் ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார், மூன்று மாதத்துக்குத் தற்காலிக ஆசிரியையாக வர முடியுமா என்றார். யுவனேஸ்வரி கைப்பேசியைக் காதில் வைத்தபடி கூடத்தில் நாலு தடவை நடந்தாள். வருகிறேன் என்று சொல்ல உடம்பு முழுக்கத் துடித்தது.

"இப்ப வேணாம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

"யோசிச்சா வந்துடுவேன் சார்."

வைத்த பிறகு, சொன்னது சரிதானா என்று அன்று முழுக்கக் கிடந்து தவித்தாள். வேலையை விட்டது ஒரு தவறான நினைப்பில்தான். மகள் அவளைத் தேடி வரவில்லை. ஆனால் விடாமலிருந்திருந்தால், கோலா தெர்லா மேட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க மகளுக்கு வாய்த்திருக்காது. எந்தப் பக்கம் கூட்டினாலும் மனது ஒத்துக்கொள்ளவில்லை. ஜெகதீஸ்வரனிடம் சொன்னபோது, அவன் சட்டையிலிருந்த தேயிலைத் தூசியைத் தட்டிக்கொண்டே, "வேணாம்னது நல்லதுலா," என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அந்த விஷயமாக அவன் வாய் திறந்தது அன்றுதான்.

மறுநாள் பத்து மணிக்கே டவுன் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. யுவனேஸ்வரி ஈரக் கையோடு காரை எடுத்துக்கொண்டு ஏறினாள். ரூபினி காவலர் கூண்டருகில் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"மூணு பீரியட் இருந்தேன்."

"நேத்து?"

"நேத்து அஞ்சு."

பின்னால் லோரி ஒன்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தது. யுவனேஸ்வரி கையைக் காட்டிவிட்டுக் காரைச் சாலையில் ஏற்றினாள்.